பெட்டிக்குள் போன எண்

பிப்ரவரி 5, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாக என் கணவர் யாவின் இணையக் கணக்கைத் திறக்க உட்கார்ந்தேன். பல்கூடத் துலக்கவில்லை. கடவுச்சொல் எனக்குத் தெரியும்: அவருக்குப் பிடித்த கீர்த்தனையின் எண்ணும் எங்கள் பழைய நாயின் பெயரும். முதல் தடவையே ஏற்றுக்கொண்டது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த வரியில், 47இல் முடியும் உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்றது.

அந்த எண் ஒன்பது நாளாக யாவுடன் மண்ணுக்குள் இருக்கிறது.

வைத்தது நான்தான். எங்கள் வழக்கப்படி, புருஷன் போனால் சவப்பெட்டிக்குள் வைக்கிற சாமானைப் பெண்டாட்டிதான் கொடுக்க வேண்டும் — துணி, சோப்பு, துண்டு, கைக்குட்டை, மோதிரம். நான் போனையும் சேர்த்துக் கொடுத்தேன். அது இல்லாமல் மனுஷன் குளிக்கக்கூடப் போனதில்லை. அவருடைய அக்கா செர்வா அதை வாங்கி, துடைத்து, இடது கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சார்ஜ் இருக்கா?"

"நூறு" என்றேன்.

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சிம்மைக் கழற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை.

கணக்கினுள் இருப்பவை யாவ் எழுதிய பாட்டுகள், பதினொரு வருடத்தவை. வரும் ஈஸ்டருக்கென்று டிசம்பரில் முடித்த கடைசிப் பாட்டும்.

பிப்ரவரி 6

சபைப் பாடகர் குழுவின் செயலாளர் பாஃபோர் வந்தார். அந்தப் பாட்டின் முதல் பக்கம் மட்டுமே அவர்களிடம் இருக்கிறது. "மேடம், ஒரு பக்கத்தை வெச்சுக்கிட்டு நாங்க இயேசுவைப் பாதிதான் எழுப்ப முடியும்" என்றார். முழுவதும் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினேன். கிடைக்கும்.

பிப்ரவரி 9

தொலைபேசி நிறுவன அலுவலகம். இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், என் அடையாள அட்டை, அவர் அடையாள அட்டை, எல்லாவற்றையும் அடுக்கி வைத்தேன். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் பொறுமையாகப் புரட்டினாள்.

"நீங்க மனைவி, சரிம்மா. குடும்பத்துலேர்ந்து யார் வராங்க?"

கோபம் வரவில்லை. எங்கள் வழக்கத்தில் யாவ் அவருடைய தாய்வழிக் குடும்பத்து ஆள், நான் என் தாய்வழிக் குடும்பத்து ஆள். இருபத்தோரு வருடக் கல்யாணம் அதை மாற்றாது. அதே எண்ணில் புது சிம் வேண்டுமென்றால் செர்வா கையெழுத்துப் போட வேண்டும்.

பிப்ரவரி 10

கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

இதிலாவது உண்மையை எழுதுகிறேன். அதே கணக்கில் என் மின்னஞ்சல்களும் இருக்கின்றன. 2016இல் யாவுடன் சண்டை போட்டுக்கொண்டு வடக்கே தமாலே ஊரில் ஐந்து மாதம் வேலை பார்த்தேனே, அப்போது அவருக்கு எழுதியவை. அந்த வருடம்தான் அவருக்குக் கண் ஆபரேஷன். செர்வா வந்து தங்கிப் பார்த்துக்கொண்டாள். அவள் வந்து உட்கார்ந்ததே எனக்குப் பொறுக்கவில்லை. விடிவதற்குமுன் அடுத்தவர் முற்றத்தில் கூவும் சேவல் என்று அவளைப் பற்றி எழுதினேன். அவற்றில் கண்ணியமான வரி அதுதான்.

சிம் அவள் கைக்குப் போனால் கணக்கும் அவள் கைக்குப் போகும்; அந்த எண் இருந்தால் கடவுச்சொல்லையே மாற்றிவிடலாம். படிப்பாள். நானாக இருந்தால் படிப்பேன்.

பிப்ரவரி 11

எழுதினவ நான். இப்ப யாரைத் திட்டறது?

பிப்ரவரி 17, சனி

கேட்டுவிட்டேன். செர்வா வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எங்களில் புருஷனின் அக்காவும் புருஷன்தான். அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, பெண்டாட்டி என்றுதான்.

"பெண்டாட்டி, கையெழுத்துப் போடறேன். ஆனா சிம் என்கிட்டதான் இருக்கும். அவன் எங்க வீட்டுப் பிள்ளை."

"சரிக்கா" என்றேன். வேறென்ன சொல்ல? பாட்டு வேண்டும். படித்தால் படிக்கட்டும், நேரில் நின்று வாங்கிக்கொள்கிறேன். முடிவு செய்தபின் பசித்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மார்ச் 2, சனி

சிம் வந்து மூன்று நாள் அவளிடம்தான் இருந்தது. இன்று மதியம் தோட்டத்தில் மாமர நிழலில் உட்கார்ந்தோம். நான் கணினியில் கடவுச்சொல்லை அடித்தேன். அவள் பையிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்தாள்.

"இதுலயா போட்டிருக்கீங்க?"

"இதுல நம்பர் மட்டும்தான் வரும். மத்தது எதுவும் வர வேண்டாம்னுதான்."

ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, கடைக்காரிபோல உரக்கச் சொன்னாள். கணக்கு திறந்தது. ஈஸ்டர் பாட்டு, ஒன்பது பக்கம். திரையை அவள் பக்கம் திருப்பப் போனேன். கையை நீட்டித் தடுத்தாள்.

"வேணாம். உன் லெட்டரெல்லாம் அதுலதானே கிடக்கும்?"

திரையைப் பாதி மூடினேன்.

"கண்ணுல கட்டோட படுத்திருந்தான். மெயில் வந்தா யாரு படிச்சுச் சொல்றது? நான்தான் சத்தமாப் படிச்சேன். சேவல்னு வந்த இடத்துல நிறுத்தினேன் பாரு, அவன் சிரிச்ச சிரிப்புல கட்டு அவுந்துடும்னு நர்ஸ் ஓடி வந்தா."

"அக்கா… எட்டு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னா நீ இன்னும் நல்லா எழுதிப் பழகிடுவியே!"

சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "ரெண்டு நாள் அழுதேன். அப்புறம் யோசிச்சேன். நானும் கொஞ்சம் சீக்கிரமாத்தான் வந்து கதவைத் தட்டறேன்."

மன்னிப்புக் கேட்டேன். "அடுப்புல வாழைக்காய் கருகுது, போய்ப் பாரு" என்றாள்.

மார்ச் 31, ஈஸ்டர்

ஒன்பது பக்கமும் பாடினார்கள். கீழ்க்குரல்காரர்கள் ஏழாம் பக்கத்தில் தடுமாறினார்கள். யாவ் இருந்திருந்தால் முறைத்திருப்பார். செர்வா என் கைக்குட்டையை வாங்கி மூக்கைச் சிந்தி, எனக்கே திருப்பிக் கொடுத்தாள்.

ஏப்ரல் 1, திங்கள்

விடுமுறை. எல்லோரும் ஆற்றங்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் செர்வா வண்டிக்காரனைத் திட்டும் சத்தம் கேட்கிறது.

காலையில் என் சொந்தக் கணக்கைத் திறந்தேன். எனக்குப் பிறகு இது யாரிடம் போக வேண்டும் என்று கேட்கிற பக்கம் ஒன்று இருக்கிறது. இத்தனை நாள் பார்த்ததில்லை. மகள் பெயர் போடலாம், என் தங்கை பெயர் போடலாம். என்னைப் பற்றிய மோசமான வரிகளும் நான் எழுதிய மோசமான வரிகளும் அதில் இருக்கின்றன. அவற்றை எட்டு வருடம் வாயைத் திறக்காமல் வைத்திருக்கக்கூடிய ஆள் யார்?

47இல் முடியும் எண்ணைப் போட்டேன்.

செர்வாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அவள் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், தெரியும். மாற்றுவதாயில்லை.

ஹாரன் அடிக்கிறாள்.