டேப் ரெக்கார்டருக்குப் பெல்ட் மாற்றிய பிறகு

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ சுகம்தானே. போனில் பேசியபோது உனக்குத் தொண்டை கட்டியிருந்த மாதிரி இருந்தது, சுடுதண்ணீர் குடி. இங்கே மழை விட்டுவிட்டது, ஆனால் சமையலறை ஜன்னல் ஈரத்தில் ஊதிப்போய் மூட மாட்டேன் என்கிறது. சண்டை போட வீட்டில் வேறு ஆள் இல்லாததால் காலையில் எழுந்ததும் அதைத்தான் கொஞ்ச நேரம் திட்டுகிறேன்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். டான்ஸ் பள்ளியில் பியானோ வாசிக்கிற வேலையை நிரந்தரமாக்குகிறார்கள், இங்கேயே இருந்துவிடட்டுமா அப்பா என்று கேட்டாய், யோசித்து எழுதுகிறேன் என்று சொல்லி வைத்தேன். யோசிக்கவெல்லாம் இல்லை, திரும்பி வந்துவிடு என்று அன்று சாயங்காலமே எழுதி உறையை ஒட்டிவிட்டேன். என்னிடம் ஒரு சாட்சி இருக்கிற தைரியம். நீ அந்த ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மாடிவீட்டு டீச்சரின் பியானோவில் வாசித்ததை உன் அம்மா கேசட்டில் பிடித்து வைத்தாளே, அதுதான். அன்றைக்கு நான் பஸ் ஓட்டப் போயிருந்தேன். நீ பழகியதெல்லாம் நான் டூட்டியில் இருந்த நேரத்தில்தான், அதனால் அந்தப் பாட்டை நேரில் கேட்டதே இல்லை. அம்மா போன பிறகு பரண்மேல் கிடந்த டேப் ரெக்கார்டரை இறக்கித் துடைத்து முதல்முறையாகக் கேட்டேன். அம்மாடி, என்ன சோகம். ஒவ்வொரு சுரமும் காலை இழுத்துக்கொண்டு வந்தது, சுருதியோ அடித்தொண்டையில் பேசுகிற மாதிரி கீழே கிடந்தது, முடிவில் ஒரு விம்மல். பிள்ளை அழுதுகொண்டே போயிருக்கிறாள், நமக்குத் தெரியாமல் போயிற்றே என்று நானும் அழுதேன். அதன்பிறகு சாப்பாட்டுத் தட்டோடு அதன் முன்னால் உட்காருவதே வழக்கமாகிவிட்டது. சந்தோஷமாகத்தான் இருக்கிறாயா என்று போனில் திருப்பித் திருப்பிக் கேட்டு உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் இதனால்தான்.

உறையைத் தபாலில் போடச் செருப்பை மாட்டுகிறேன், வாங்கிப் போன ஏணியைத் திருப்பித் தர டீச்சர் வந்தார். உள்ளே டேப் ஓடிக்கொண்டிருந்தது. ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே நின்று, யார் வாசிக்கிறது இது என்றார். உங்கள் மாணவிதான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. “அவ இப்படி வாசிச்சிருந்தா நான் அன்னைக்கே விரட்டியிருப்பேன். இது துள்ளி ஓடற பாட்டு சார். சுருதி வேற ஒரு கட்டைக்கு மேல இறங்கிக் கிடக்கு. உங்க மெஷின்தான் இழுக்குது” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மீட்டரைப் பார்க்காமலே வண்டியின் வேகத்தைச் சொல்கிறவன் நான், என்னிடமா வேகத்தைப் பற்றிப் பேசுவது! டீச்சர் சொன்னது தப்பு என்று காட்டத்தான் டேப்பைத் தூக்கிக்கொண்டு டெப்போ எதிரே இருக்கிற ரேடியோ ரிப்பேர்காரரிடம் போனேன். அவர் மூடியைக் கழற்றி, தொளதொளவென்று கிடந்த ரப்பர் பெல்ட்டை விரல் நுனியில் தூக்கிக் காட்டி, “இதை வச்சுக்கிட்டா இத்தனை நாளா கேட்டீங்க?” என்று சிரித்தார். புதுசு மாட்டி ஓடவிட்டார்.

என்னம்மா அது! பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு மாடிக்கு இரண்டிரண்டு படியாகத் தாவுவாயே, அப்படி ஓடியது. சுருதி மேலே ஏறியதும் பாட்டுக்கே வெளிச்சம் வந்துவிட்டது. நான் விம்மல் என்று நினைத்தது உன் சிரிப்பு. பின்னால் லேசாக இன்னொரு சிரிப்பு, அது உன் அம்மா. நீங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், நான் பஸ்ஸில் இருக்கிறேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், பட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து தட்டோடு உட்கார்ந்து போட்டால் சாப்பாடு இறங்கவில்லை. நீ அங்கே ஏங்குகிறாய், நான் இங்கே ஏங்குகிறேன், ஆளுக்குப் பாதி என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். இப்போது முழுவதும் என் பங்குக்கு வந்துவிட்டது. பழைய பெல்ட்டைத் தூக்கிப் போடட்டுமா என்று ரிப்பேர்காரர் கேட்டபோது வேண்டாம் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மாட்டத் தெரிந்திருந்தால் அன்றைக்கே திரும்ப மாட்டியிருப்பேனோ என்னவோ.

அந்த உறையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீ அங்கேயே இரு. கோபத்தில் சொல்லவில்லை, நீ ஆசைப்பட்டுப் போனவள் என்று இப்போது தெரிந்துவிட்டது, அதனால் சொல்கிறேன். எனக்குத் தனியாகத்தான் இருக்கிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் அது நீ லீவு கிடைத்தால் வந்து பார்த்துவிட்டுப் போவதற்குக் காரணம், வேலையை விட்டுவிட்டு வருவதற்குக் காரணம் இல்லை. டீச்சர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், மெஷின் விஷயத்தில் அவர் சொன்னதே சரி என்று நான் ஒத்துக்கொண்டதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ விரல் நோகாமல், மனம் நோகாமல் நெடுநாள் வாழ வேண்டும். மறக்காமல் ஒன்று செய். அதே பாட்டை இப்போது ஒருமுறை வாசித்துப் பதிந்து அனுப்பு. எனக்காக வேகத்தைக் கூட்டாதே, இன்றைக்கு உன் கைக்கு எப்படி வருகிறதோ அப்படியே வாசி. மெதுவாக வந்தால் இனிமேல் மெஷின்மேல் பழி போட முடியாது, பெட்டியைக் கட்டிக்கொண்டு நானே வந்துவிடுவேன்.

ஜன்னலோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்,
உன் அப்பா