நீங்கள் குடிக்கவில்லை, அப்பா

எதற்கும் குரலை உயர்த்தாத என் அப்பாவுக்கு,

குரும்பகரத்தில் அறுவடை முடிந்துவிட்டது. நம் நிலத்தைச் சித்தப்பாதான் பார்த்துக்கொள்கிறார். அம்மாவும் போன தை மாதம் உங்களிடம் வந்துவிட்டாள். நான் காரைக்கால் ஆபீசிலிருந்து சாயங்கால பஸ்ஸில் திரும்பி, எனக்கு மட்டும் உலை வைக்கிறேன். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் சோறு மிஞ்சிவிடுகிறது. அம்மா இதையெல்லாம் உங்களிடம் சொன்னாளா?

உங்களைப் பற்றிப் பேச இப்போது வீட்டில் யாருமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் உங்களுக்குச் சர்க்கரை என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்ட நாளிலிருந்து வாயில் இரும்பைச் சப்பினது போல ஒரு ருசி, அடிக்கடி வயிற்றுப்போக்கு. மருந்தென்றால் அப்படித்தான் இருக்கும் என்று பொறுத்துக்கொண்டீர்கள். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. நம் வீட்டில் மீனும் முட்டையும் எப்போதும் கிடையாது. சர்க்கரைக்குப் பயந்து நீங்கள் பாலையும் விட்டுவிட்டீர்கள்.

சில வருஷம் போனதும் கால் மரத்தது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வருவீர்கள். பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறது என்பீர்கள். சர்க்கரைக்காரர் எல்லோருக்கும் அப்படித்தான் என்றார்கள். நாங்களும் நம்பினோம். அதன் பிறகுதான் தள்ளாட்டம் வந்தது. பகலில் தரையைப் பார்த்துப் பார்த்து நடந்து சமாளித்துவிடுவீர்கள். பொழுது சாய்ந்தால் முடியாது.

சாயங்காலத்தில் தள்ளாடும் மனுஷனை நம் ஊரில் என்னவென்று நினைப்பார்கள்? எல்லைக்கு அந்தப் பக்கம், மதுவிலக்கு உள்ள தமிழ்நாட்டிலிருந்தே ஆட்கள் சைக்கிள் மிதித்து வந்து குடித்துவிட்டுப் போகிற இடம் இது. சாராயக் கடை இல்லாத சாலை ஏது? உங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். சித்தப்பாவே அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணனைக் கொஞ்சம் கண்டித்து வைக்கச் சொன்னார். நீங்கள் கடைப்பக்கம் போகாமல், வயல் வழியாகச் சுற்றி வர ஆரம்பித்தீர்கள். அந்த வரப்பில் நடப்பது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ நாள் சேறும் சிராய்ப்புமாக வந்து நின்றிருக்கிறீர்கள்.

விழிதியூரிலிருந்து எனக்குப் பூ வைக்க வந்தார்களே, அன்று இருட்டுகிற நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. வாங்க வாங்க என்று கும்பிட்டுக்கொண்டே வாசலுக்குப் போன நீங்கள் மாப்பிள்ளையின் மாமா மேல் சாய்ந்துவிட்டீர்கள். அவர் உங்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே, முகத்தருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். நீங்களும் பார்த்தீர்கள். மறுநாள் தரகர் வந்து, இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்கள் என்றார்.

அதற்கப்புறம் நீங்கள் வெளியே போவதே நின்றுபோனது. நம் வீட்டுக்கும் யாரும் வரவில்லை. மூன்று பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்போம். ஒருநாள் கிணற்றடியில் சோப்புப் போட்டு முகம் கழுவும்போது விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டீர்கள். நானும் சித்தப்பாவும் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். தையல் போட்ட டாக்டரம்மாவிடம், இவர் கண்ணை மூடினாலே விழுந்துவிடுகிறார் என்று சொன்னேன். அவர் கையிலிருந்ததை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

கால்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னார். பிறகு கண்ணை மூடச் சொன்னார். வெட்டின மரம் போலச் சாய்ந்தீர்கள், அவரே பிடித்துக்கொண்டார். நாக்கை நீட்டச் சொன்னார். அது செக்கச்செவேலென்று வழவழவென்றிருந்தது. என்ன மாத்திரை, எத்தனை வருஷமாக, என்ன சாப்பாடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரத்தத்தைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் நம்மைத் திரும்ப அழைத்து உட்காரவைத்துச் சொன்னார்.

"உடம்புல பி-12னு ஒரு வைட்டமின் சுத்தமா இல்லைங்க. சைவச் சாப்பாட்டுல அது கம்மி. கிடைக்கிற கொஞ்சத்தையும் இந்த மாத்திரை குடல்ல ஏற விடலை. அதான் கால் இருக்கிற இடம் மூளைக்குத் தெரியலை."

எப்போது சரியாகும் என்று நீங்கள் கேட்கவில்லை. "வெளிய எந்தம்பி நிக்கிறான். அவங்கிட்ட இதை ஒரு தடவை சொல்றீங்களா?" என்றுதான் கேட்டீர்கள். டாக்டரம்மா எழுந்து வெளியே போய்ச் சொன்னார். சித்தப்பா நம் வீடு வரைக்கும் உங்கள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார்.

வேறு மாத்திரை கொடுத்து, அந்த வைட்டமினுக்குச் சிவப்பு ஊசியை ஆரம்பித்தார்கள். மாதங்கள் ஆயின. நடவு நேரத்தில் ஒருநாள் நீங்கள் வயலில் காலை வைத்துவிட்டு அப்படியே நின்றீர்கள். "சில்லுன்னு இருக்கும்மா" என்றீர்கள். நான் திரும்பி நின்றுகொண்டேன்.

கால் முழுக்கத் தேறவில்லை. கம்பு ஊன்றித்தான் நடந்தீர்கள். ஆனாலும் விஷயம் பரவி, விழிதியூர்க்காரர்கள் மறுபடி வந்தார்கள். உன் இஷ்டம் என்றீர்கள். நான் மாட்டேன் என்றேன். அப்போது உங்கள் முகம் ஒரு மாதிரி ஆனதே, அது வருத்தமா, நிம்மதியா? கேட்காமலே விட்டுவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது. ஊரே வந்து, எவ்வளவு நல்ல மனுஷன் என்றது. சிரித்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

போன வாரம் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் உங்கள் வயதுள்ள ஒருவர் தள்ளாடிக்கொண்டு வந்தார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "ஐயா, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "இல்லம்மா. சாராயந்தான் சாப்பிட்டிருக்கேன்."

வாசனை அப்போதுதான் எனக்கு எட்டியது. சிரித்துவிட்டேன் அப்பா, அம்மா போனபிறகு முதல் தடவையாக. அவரைத் திருநள்ளாறு பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, இதை யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பினால் யாருமில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். தள்ளாடுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் கையைப் பிடித்துக்கொள்வேன். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

உங்கள் ஒரே மகள்,
வசந்தா