வெந்நீர்த் தொட்டியில் நான் மறுத்த பெயர்

ஹ்ரவுன்விக், ஐஸ்லாந்து
பிப்ரவரி 14

சூரிச்சில் இருக்கும் என் மகள் ரக்னாவுக்கு,

அப்பா நலம். இடது முழங்கால் மட்டும் தினமும் வானிலை அறிக்கை வாசிக்கிறது. போனில் சொல்ல நாக்கு வராததால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் ஆவேசமாகப் பேச எழுந்தேன். நான் எழுந்தேன், ரப்பர் செத்த என் நீச்சல் உடை எழவில்லை. லாரிக்கார குஸ்டி, "உட்காருடா ஓர்மூர், ஊருக்கு நீ காட்ட வேண்டியதெல்லாம் காட்டியாச்சு" என்றான்.

பேச்சு அந்த சோடா கம்பெனியைப் பற்றித்தான். ஐரோப்பாவின் தொழிற்சாலைகள் விடும் கரியமில வாயுவைக் கப்பலில் கொண்டுவந்து, தண்ணீரில் கரைத்து, நம் ஊருக்கடியில் எரிமலைப் பாறைக்குள் இறக்குவார்களாம். அங்கே அது கல்லாகிவிடுமாம். அடுத்தவன் விட்ட ஏப்பத்தைப் புதைக்க நம் தரை. நன்றிக்கு, கூட்டத்துக்குக் கூட்டம் பச்சை இலை வரைந்த கேக். வீடுவீடாகப் போட்ட வழவழ காகிதத்தில் ஒரு குழந்தை பாறையைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறது. எரிமலைப் பாறையைக் கட்டிப்பிடித்தால் தோல் உரியும் என்று படம் எடுத்தவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இதையெல்லாம் எதிரே இருந்த ஒல்லி மனிதரிடம் அரைமணி நேரம் விளக்கினேன், வேதியியலில் இரண்டு முறை தோற்ற வெல்டர் நான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் அந்தக் கம்பெனி ஆள்தான் என்றார். கோட்டைக் கழற்றினால் அவர்களும் மனிதர்கள் மாதிரியே இருக்கிறார்கள்.

விட்டேனா? உங்கள் ஆய்வு அறிக்கையை எழுதிய மேதை வாழ்நாளில் ஒரு குழியாவது தோண்டியதுண்டா என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் மலையில துளை போட்டுக் கல்லை எடுத்துப் பார்த்தவங்க. நம்ம நாட்டுப் பொண்ணுதான். ரக்னா ஓர்ம்ஸ்தோத்திர்" என்றார்.

அதாவது, ஓர்மூரின் மகள் ரக்னா. உன்னைத் தன் லாரியில் பள்ளிக்கு ஏற்றிப்போன அந்தக் குஸ்டி, வேண்டுமென்றே, "எந்த ஓர்மூர்டா?" என்றான்.

"இந்த நாட்டுல ஓர்மூருக்கா பஞ்சம்?" என்றேன். எனக்குத் தெரிந்து நானும், செத்துப்போன என் மாமாவும்தான்.

நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். இரண்டு வருடமாக போனில் நான் கத்திய கத்தலில் நீ எங்கே பேசியிருப்பாய்?

அறிக்கையை நூலகத்தில் வாங்கிப் படித்தேன். நாற்பது பக்கத்தில் நான்கு புரிந்தது. கறுப்புக் கல்லுக்குள் வெள்ளைக் கோடுகள், அதுதான் கல்லான வாயு என்று புரிந்தது. இத்தனை கப்பல் வாயுவை இறக்கினால் நிலத்தடி நீர் என்னாகும் என்று இன்னும் தெரியாது, முதலில் அளக்க வேண்டும் என்று முப்பத்தோராம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். வழவழ காகிதத்தில் அந்த வரியைக் காணோம். குழந்தைக்கே இடம் போதவில்லை போலும்.

ஊர் வாக்கெடுப்பில் கம்பெனிக்கு எதிராகத்தான் வாக்களிப்பேன். கேக்கையும் தொடமாட்டேன். ஆனால் மார்ச் மாதக் கூட்டத்தில் நீ பேச வருவதாக அந்த மனிதர் சொன்னார். ஓட்டலில் தங்காதே. உன் அறையில் கிடந்த என் மீன் வலைகளை எல்லாம் எடுத்துவிட்டேன். அந்த முப்பத்தோராம் பக்கத்தைச் சத்தமாகப் படி. முன்வரிசையில் இருப்பேன், கால்சட்டைக்கு வார் போட்டுக்கொண்டு.

நீ நன்றாக இருக்க வேண்டும், மகளே. அன்று குஸ்டிக்குச் சொல்லாமல் விழுங்கியது இவ்வளவுதான்: "என் பொண்ணுடா அவ."

உன் அப்பா,
ஓர்மூர்