வெர்னாவின் பாத்திரமும் இரண்டு சென்ட் வரியும்

ஒலிம்பியா,
பிப்ரவரி 11

அன்புள்ள லைலுக்கு,

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்குக் கொடுக்கும் கோழி நூடுல்ஸ் மருத்துவமா, சாப்பாடா? பதினொரு நாளாக யோசிக்கிறேன், விடை தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் மாநில வரித்துறையில் இருந்துவிட்டு இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. நாளை காலை பத்து மணிக்குள் நான் முடிவெழுதிக் கையெழுத்திட வேண்டும்.

கம்பளிக் காலுறைகள் கப்பலுக்கு வந்து சேர்ந்தனவா? அங்கே மீன் வரத்து எப்படி? இங்கே மழை விடவில்லை. கூரைக் குழாய் அடைத்துக்கொண்டது. நானே ஏணி வைத்து ஏறி எடுத்துவிட்டேன், நீ கவலைப்பட வேண்டாம்.

மலைக்கு அந்தப் பக்கம், கோதுமை வயல்களுக்கு நடுவில் பிக்ஸ்பி ஃப்ளாட் என்று ஓர் ஊர். அங்கே விவசாயிகளே நடத்தும் மருத்துவக் காப்பீட்டுச் சங்கம் ஒன்று உண்டு. உறுப்பினர்கள் தொள்ளாயிரம் பேர். பிரீமியத்துக்கு மாநிலம் தனியாக ஒரு வரி வாங்குவதால், அதே பணத்துக்குத் தொழில் வரி கிடையாது. இதுவரை குழப்பமில்லை. ஆனால் இவர்கள் பிரீமியத்தோடு மாதம் மூன்று டாலர் கூட வாங்கி, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர்களுக்கு இரண்டு வாரம் சமைத்து அனுப்புகிறார்கள். அந்த மூன்று டாலரும் பிரீமியம்தான் என்றால் விலக்கு உண்டு. சாப்பாட்டு விற்பனை என்றால் வரி மட்டுமல்ல, அவர்கள் உணவகமே ஆகிவிடுவார்கள். உணவகத்துக்குரிய சமையற்கூடம் கட்ட அவர்களிடம் வசதியில்லை. அடுப்பை அணைக்க வேண்டியதுதான்.

என் மேலதிகாரி குயின்டனுக்கு இதில் சந்தேகமே இல்லை. "வாயில போட்டு மெல்லுறது எல்லாம் சாப்பாடுதான்" என்றார். சிலர் மாத்திரையைக்கூட மெல்லுகிறார்கள் என்றேன். "அப்ப நீயே நேர்ல போய்ப் பார்த்துட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

சங்க அலுவலகம் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. வெர்னா கிஸ்லருக்கு அறுபத்தேழு வயது. சங்கத்தின் ஒரே ஊழியரும் தலைமைச் சமையற்காரரும் அவர்தான். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "வரி ஆபீஸா? வாடிப்போன மூஞ்சியப் பார்த்ததுமே நெனச்சேன். உக்காரும்மா, சாப்பிடு" என்றார். விசாரணைக்குப் போன இடத்தில் அரசு ஊழியர் எதையும் இலவசமாக வாங்கக் கூடாது என்று விளக்கினேன். "வெஷமெல்லாம் வெக்கல, ஆபீஸரம்மா." விதி என்றேன். நான்கு டாலரை மேசையில் வைத்து ரசீது கேட்டேன். முறைத்துக்கொண்டே, 'கோழி நூடுல்ஸ், ஒன்று, நான்கு டாலர்' என்று எழுதிக் கொடுத்தார். நான் மீதி வைத்ததைப் பாத்திரத்தோடு காரில் ஏற்றினார். "காசு குடுத்துட்டல்ல, எடுத்துட்டுப் போ. பாத்திரம் மட்டும் திரும்பி வரணும்." அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் ஒட்டுநாடாவில் 'கிஸ்லர்' என்று எழுதியிருந்தது.

திரும்பும் வழியில், மலைக் கணவாயில் பனிக்காக வண்டிகளை நிறுத்தியிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருடத்தில் அந்தச் சங்கம் சாப்பாடு விற்றதற்கு ஒரே ஓர் ஆதாரம் இருக்கிறது. அதை உண்டாக்கியவள் நான்.

வெர்னாவின் நோட்டு ஒன்றை நகலெடுத்து வந்திருந்தேன். சமையல் குறிப்பு என்று நினைத்துக் கடைசிக்கு ஒதுக்கியதை இன்றுதான் படித்தேன். அது முழுக்கப் பாத்திரங்கள். நோயாளியே பாத்திரத்தைக் கழுவி, கீழ்த்தளத்தின் பதினாலு படியிறங்கிக் கொண்டுவந்து தர வேண்டுமாம். படியிறங்கும்போது வெர்னா பக்கத்தில் நின்று பார்ப்பார். தேறியவரிடம் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு பெயரை அடித்துவிடுவார். தேறாதவருக்கு இன்னொரு பாத்திரம் நிறையக் கொடுப்பார். பாத்திரம் வரவே இல்லையென்றால் அவரே போய்க் கதவைத் தட்டுவார். 'லெராய் தீல். நாலு நாளாச்சு, பாத்திரம் வரல. போனேன். டிவியில மேட்ச் பார்த்தேன்னு புளுகுறார். கால் வீங்கியிருக்கு. டாக்டருக்கு ஃபோன். ரத்தக்கட்டி.' பக்கம் பக்கமாக இப்படி.

சட்டத்தை மறுபடி புரட்டினேன். பாத்திரத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நான்கு டாலர் ரசீதோ என் கோப்பில் இருக்கிறது. கிழித்துப் போட்டால் யாருக்கும் தெரியாது. நான் கிழிக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

கப்பல் தளத்தில் பனி உறைந்திருக்கும், பார்த்து நட. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏப்ரலுக்கு முன்பே விடுப்புக் கொடுத்தால், வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

என்றும் உன்,
கிர்ஸ்டன்

பிப்ரவரி 12

கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. அதனால் இதையும் சேர்த்துவிடுகிறேன்.

காலை ஒன்பது நாற்பதுக்குக் கையெழுத்திட்டேன். சாப்பாட்டின் வழியே நோயாளியைக் கண்காணிப்பதால் மூன்று டாலரும் பிரீமியமே, விலக்கு உண்டு. ஒரே ஒரு விற்பனைக்கு மட்டும் வரி, இரண்டு சென்ட். ஒருமுறை விற்றதால் சங்கம் உணவகம் ஆகிவிடாது. குயின்டன் இரண்டு முறை படித்தார். "இது என்ன ரெண்டு சென்ட்?" என்றார். நான் சாப்பிட்டது என்றேன். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மணிக்கு அலுவலக வரவேற்பறையில் வெர்னா நின்றார். ஐந்து மணி நேரம் வண்டியோட்டி வந்திருக்கிறார். முடிவைச் சொல்ல வாயெடுத்தேன்.

"அது கெடக்கட்டும். பன்னெண்டு நாளாச்சு. பாத்திரம் எங்க?"

வீட்டில் என்றேன்.

"ஒடம்புக்கு என்ன?"

ஒன்றுமில்லை என்றேன்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க."

பிறகு முடிவைச் சொன்னேன். கைக்குட்டையை எடுத்துப் பலமாக மூக்கைச் சிந்தினார். பணப்பையிலிருந்து இரண்டு சென்ட்டை எடுத்து வைத்து, என்னிடம் ரசீது கேட்டார்.

பாத்திரத்தை எடுக்க என்னோடு வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியில் என்னை இரண்டு முறை ஏறி இறங்கச் சொன்னார். மூச்சு வாங்கவில்லை. சமையலறைக்குப் போனார். அவருடைய பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு கரண்டி. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒன் வீட்டுக்காரரு எப்ப வர்றாரு?"

ஏப்ரல் என்றேன்.

காருக்குப் போய், மூடி போட்ட இன்னொரு பாத்திரத்தோடு வந்து குளிர்பெட்டியில் வைத்தார். விசாரணை முடிந்துவிட்டதால் நான் காசு கொடுக்கவில்லை. நோட்டை எடுத்து எழுதினார். எதிரில் உட்கார்ந்து தலைகீழாகவே படித்துவிட்டேன்:

'கிர்ஸ்டன். பாத்திரம் வந்துடுச்சு. இன்னொண்ணு குடுத்திருக்கேன்.'