அந்தியில் இறங்கிய கொடி

குடவாசல் வட்டம்,
1.8.1971

அன்பு நண்பர் சேக் தாவூது அவர்களுக்கு முருகையன் வணக்கத்துடன் எழுதுவது. பம்பாயில் நீயும் கமருன்னிஸாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

நம் கப்பலில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து மலர் போடுவதாகவும், கப்பலின் சரித்திரத்தையும் கேப்டன்களின் வரிசையையும் நான் எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். பதில் வராமல் போகவே, பென்ஷன் வாங்கியதும் பெரிய மனுசன் ஆயிட்டியோ என்று இரண்டாவது கடிதத்தில் திட்டியிருந்தாய். திட்டு. இன்னும் கொஞ்சம்கூடத் திட்டலாம்.

வெள்ளைக்காரன் கட்டி, அவன் யுத்தத்தில் அடிபட்டு, ஒட்டுப்போட்டு, நாற்பத்தெட்டில் நமக்கு விற்ற கப்பல். நான் நாற்பத்தொன்பதில் ஏறி அறுபத்து நாலில் இறங்கினேன். அதற்குள் ஒன்பது கேப்டன்கள். முதலாமவர் வெள்ளைக்காரர், காலையில் காப்பி குடிக்கும்வரை யாரோடும் பேசமாட்டார். மூன்றாமவர் பஞ்சாபி. புயலில் நமக்கு முன்னால் வாந்தி எடுத்துவிட்டு, வெட்கப்படாமல் வாயைத் துடைத்துக்கொண்டு சுக்கானுக்குப் போனவர். பாலக்காட்டுக்காரர் தமிழிலேயே திட்டுவார், அது ஒரு சுகம். முழு வரிசை தனித்தாளில் இருக்கிறது. பட்டப்பெயர்களை அச்சில் போட்டுத் தொலைக்காதே.

ஒன்பது பேருக்கும் ஒன்பது குணம். ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி. துறைமுகத்தில் நின்றால் காலை எட்டு மணிக்குக் கொடி ஏற வேண்டும், சூரியன் விழும்போது இறங்க வேண்டும். ஐம்பதாம் வருஷம் ஜனவரி 26இல் கடற்படையின் பழைய வெள்ளைக்காரக் கொடியை இறக்கிப் புதுக்கொடியை ஏற்றியது என் கை. கொடிதான் மாறியது, நேரம் மாறவில்லை. சிக்னல்காரனாகப் பதினைந்து வருஷம் அதே வேலை.

இனி ஊர்ச்செய்தி. ஆட்சி மாறி நாலு வருஷமாகிறது. கோட்டையில் ஆள் மாறினார்கள், எங்கள் அறுப்புக்கூலி மாறவில்லை. உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட நான், இங்கே மிராசுதார் வீட்டைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும். போன தை அறுப்பில் ஆற்றின் இரு கரை ஆட்களும் வேலைநிறுத்தம் செய்தோம். எங்கள் தெருமுனையில் செங்கொடி பறந்துகொண்டிருக்கும்வரை யாரும் வயலில் இறங்குவதில்லை, பேச்சு முடிந்தால்தான் கொடியை இறக்குவது என்று ஒப்பந்தம். அந்தப் பேச்சில் நானும் இருந்தேன், தலையாட்டினேன். கப்பக்காரர் கையால ஏறட்டும் என்று என் மருமகன், நீலாம்பாளின் புருஷன் வைரக்கண்ணுதான் கயிற்றை என்னிடம் கொடுத்தான்.

அன்று சாயந்திரம் தெருவே குடவாசல் கூட்டத்துக்குப் போயிருந்தது. சூரியன் விழுந்தது. தாவூது, கை தானாகப் போயிற்று. இறக்கி, நாலாக மடித்து, காலை எட்டு மணிக்கு ஏற்றலாம் என்று என் தகரப்பெட்டியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

விடியும்போது அக்கரை ரெத்தினமும் பத்துப் பேரும் வெறும் கம்பத்தைப் பார்த்து, சமாதானம் ஆகிவிட்டது என்று சந்தோஷமாகக் கருக்கரிவாளோடு வயலில் இறங்கியிருக்கிறார்கள். வைரக்கண்ணு தடுக்க ஓடினான். கருங்காலிப் பசங்களா என்று கத்தினானாம். கொடி எறங்கிடுச்சேண்ணே என்றானாம் ரெத்தினம். தள்ளுமுள்ளில் ரெத்தினத்தின் அரிவாள் வைரக்கண்ணு கழுத்தில் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் வண்டியிலேயே பிள்ளையின் உயிர் போய்விட்டது.

மிராசுதார் ஆட்கள்தான் கொடியைத் திருடினார்கள், ரெத்தினம் அவர்களுக்கு விலைபோய்விட்டான் என்று தெரு சொல்கிறது. கொடி இல்லை, அதனால்தான் இறங்கினோம் என்று அவன் ஏழு மாதமாக ஜெயிலில் இருந்து சொல்கிறான். நம்ப ஆள் இல்லை. அவன் தாய் காளியம்மாள் ஒருநாள் வந்து எங்கள் வாசலில் விழுந்தாள். என் மகள் நீலாம்பாள் கதவைச் சாத்திவிட்டு, அவனத் தூக்குல போட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும்ப்பா என்றாள். நான் அந்தப் பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். அதற்குள்தான் கொடி, பாவி.

இருபத்தைந்தாம் தேதி தஞ்சாவூர் கோர்ட்டில் ரெத்தினம் பக்கம் சாட்சி சொல்ல வக்கீலிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். தெரு என்னை என்ன செய்தாலும் தகும். ஆனால் கொடியை இறக்கியது நான்தான் என்பதை நீலாம்பாள் முதன்முதலாகக் கோர்ட்டில் வைத்துக் கேட்கக் கூடாது.

இதனுடன் அவளுக்கு எழுதிய ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஒரே கூரையின் கீழ் இருக்கும் மகளுக்குப் பம்பாய் வழியாகக் கடிதமா என்று சிரிக்காதே. எத்தனையோ முறை வாயைத் திறந்து பார்த்துவிட்டேன், வரவில்லை. இருபத்தைந்துக்கு முன் வந்து சேரும்படி நீ ஒட்டித் தபாலில் சேர்த்துவிடு. ஐந்தாவது வரை படித்தவள், தானே படித்துக்கொள்வாள். தபால்காரர் வரும் நாளில் நான் எங்கேயும் போய்விட மாட்டேன். அவள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருப்பேன்.

உன் பிள்ளைகள் உன்னை வாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
முருகையன்