அடுப்பு மூட்டாத உருண்டை

மார்ச் 4

அன்புள்ள சிட்டுவுக்கு,

போனில் பேசினால் உன் அண்ணன் காதில் விழும். அதனால்தான் கடிதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து இன்னும் சில மாதம் தொடருமாம். அவருக்குத் தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை. அடுப்பு மூட்டினாலே அந்த வாசனைக்குக் குமட்டுகிறது. நேற்று அவராகவே, "சிட்டு ஹாஸ்டல்ல இருந்தப்ப அடுப்பில்லாம ஏதோ உருட்டிக் கொண்டு வருவாளே, அது கிடைச்சா தின்பேன்" என்றார். எப்படிச் செய்வாய் என்று இரண்டு வரி போடு, கண்ணு.

உன் அண்ணி

மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைக் கடையிலேயே பிரித்துவிட்டேன். தைத்துக்கொண்டிருந்த சட்டை அப்படியே மெஷினில் நிற்கிறது.

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வறுத்த வேர்க்கடலையைக் கடையிலேயே வாங்கி, தோலை ஊதிவிட்டு, மிக்ஸியில் கரகரப்பாகப் பொடியுங்கள். கொட்டை எடுத்த பேரீச்சம்பழத்தைப் போட்டு இரண்டு சுற்று. ஒரு கைப்பிடி ஓட்ஸ், ஒரு சிட்டிகை உப்பு. ஒட்டவில்லையென்றால் கொஞ்சம் தேன். உருட்டி, அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். பெரிதாக உருட்டாதீர்கள், பார்த்ததுமே மலைத்துப் போவார்.

சனிக்கிழமை நான் வரட்டுமா?

சிட்டு

மார்ச் 15

அன்புள்ள சிட்டுவுக்கு,

ஒன்றரை உருண்டை சாப்பிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் நானே உருட்டுகிறேன் என்று உட்கார்ந்தார். லேத்துப் பட்டறைக் கை அல்லவா, எல்லாம் ஒரே அளவு. "நீ உருட்டுனதுக்கெல்லாம் மூக்கு முளைச்சிருக்கு" என்று எனக்குக் கிண்டல் வேறு.

நீ வருவதைப் பற்றிக் கேட்டேன். "இப்ப வேணாம். கொஞ்சம் உடம்பு தேறட்டும். இந்தக் கோலத்துல அவ என்னைப் பாக்கக் கூடாது" என்கிறார். கொஞ்சம் பொறு.

அண்ணி

ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

என்ன பெரிய கோலம்? சின்ன வயதில் அம்மை போட்டு முகமெல்லாம் புண்ணாக நான் கிடந்தபோது பக்கத்தைவிட்டு நகராதவர்தானே? கதவுக்கு வெளியே நின்று குரலைக் கேட்டுவிட்டாவது போகிறேன். நீங்கள் அழுத்திச் சொன்னால் கேட்பார்.

சிட்டு

மே 2

அன்புள்ள சிட்டுவுக்கு,

சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இப்போதெல்லாம் உருண்டையைப் பாலில் கரைத்துத்தான் ஊட்டுகிறேன். மருந்து பிடித்துக்கொள்ளும் என்கிறார் டாக்டர். இன்னும் கொஞ்சம் பொறு. அடுத்த மாதம் எப்படியாவது சம்மதிக்க வைக்கிறேன்.

அண்ணி

ஜூன் 11

அண்ணிக்கு,

அண்ணனை எடுத்த அன்று நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். உதறிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். அது தப்புதான்.

நீங்கள் அவர் பேச்சைக் காப்பாற்றினீர்கள். கடைசிவரை பக்கத்தில் இருந்து ஊட்டினீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஏதாவது இருந்திருந்தால் வந்து சண்டை போட்டுவிட்டு உங்கள் மடியிலேயே விழுந்து அழுதிருப்பேன்.

அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பிய கடிதங்களைப் பிரிக்கவில்லை. கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் தையல் மெஷின் டிராயரில் போட்டு மூடிவிடுகிறேன். கொஞ்ச காலம் எழுத வேண்டாம், அண்ணி. என்றாவது மனது ஆறினால் நானே எழுதுகிறேன். ஆறுமா என்று தெரியவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். உங்களைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

சிட்டு