ஜோதி வேண்டாமென்று சொன்ன காட்சி

எந்த வீட்டுக்குப் போனாலும் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துவிட்டே உட்காரும் என் கலை அக்காவுக்கு,

நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. போன வாரம் அம்மா, "கலை எடுத்ததெல்லாம் போடுடி, பாக்கணும்" என்றாள். ஒக்கலிபுரம் வீட்டு டிவியில் உன் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். குழி வெட்டுகிறவர்களைப் பற்றியது, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவைப் பற்றியது, எல்லாம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். கடைசியில், "எதுலயுமே அவ இல்லையேடி" என்றாள். எடுத்தவள் எப்படிம்மா படத்தில் வருவாள்? கேட்க வாயெடுத்துவிட்டு டிவியை அணைத்தேன்.

நீ சேனல் வேலையை விட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? கட்டடம் இடிந்து மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் முன்னால் மைக்கை நீட்டி, இப்போது எப்படி இருக்கிறது உங்களுக்கு என்று கேட்கச் சொன்னார்கள். கேட்டுவிட்டு வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல், "நாளைலேர்ந்து போக மாட்டேம்மா. நானே டாக்குமென்டரி எடுக்கப் போறேன்" என்றாய். அப்போது அப்பா இருந்தார். ரயில்வே யூனிஃபார்மை மடித்துக்கொண்டே கேட்டார்: "அதுல பாட்டு இருக்குமா?"

"இருக்காதுப்பா."

"அப்போ யாரும்மா பாப்பாங்க?"

அதற்கப்புறம்தான் நீ செருப்பைக் கழற்றினாய்.

இயக்குநரும் நீ, தயாரிப்பாளரும் நீ. இயக்குநர் கலை எதிரில் இருப்பவரின் ஒரே ஒரு பார்வைக்காக அரை நாள் காத்திருப்பாள். வாடகைக் கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று தயாரிப்பாளர் கலை அவளைத் திட்டிக்கொண்டே இருப்பாள். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தோம், நடுவில் படம் எடுத்தோம். எடிட்டிங் என் பொறுப்பு. ஒவ்வொரு படத்துக்கும் நீ முதலில் சொல்வது ஒன்றுதான்: "என் குரல் வர்ற எடமெல்லாம் வெட்டிடு மலர்."

ஹெப்பகோடியில் கார்மென்ட்ஸ் ஆலைக்குப் போகும் பெண்களைப் பற்றிய படத்துக்குத்தான் முதன்முறையாக ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சி கைகொடுத்தது. அதில்தான் ஜோதி வந்தாள். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், காலர் தைக்கும் பிரிவில் வேலை. பல மாதம் உன்னிடம் சமையலைப் பற்றித்தான் பேசினாள். ஒருநாள், நீ கேட்காமலேயே, கேமரா முன்னால் அதைச் சொன்னாள். வயிற்றில் பிள்ளையோடு வேலைக்குப் போனது, வலி வந்தபோது சூப்பர்வைசர் விடாதது, மிஷின் முன்னாலேயே எல்லாம் முடிந்துபோனது. வேலைக்குப் போகாதே என்று மாமியார் தடுத்திருந்தாராம். அதனால் வீட்டுக்கு வந்து, பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுக்காரர்கள் அசந்துபோனார்கள். படத்தை அனுப்ப வேண்டிய நேரத்தில் ஜோதியிடமிருந்து போன் வந்தது. நீ ஸ்பீக்கரில் போட்டாய்.

"அக்கா, நான் சொன்னதப் படத்துலேர்ந்து எடுத்துடுங்கக்கா. வீட்ல தெரிஞ்சா நீதான் புள்ளையக் கொன்னேன்னு சொல்லுவாங்க. காலத்துக்கும் சொல்லுவாங்க."

"சரி ஜோதி. எடுத்துட்டேன்னு வெச்சுக்கோ" என்றாய். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

தொலைக்காட்சிக்காரர் விடவில்லை. அவள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாளே, சட்டப்படி பிரச்சினை இல்லையே என்றார். "அவ வீட்டுக்குள்ள சட்டம் வராது சார்" என்றாய். அந்தக் காட்சி இல்லையென்றால் படம் வேண்டாம் என்று அவர்கள் விலகிவிட்டார்கள். தொழிற்சங்க அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் மட்டும் போட்டுக் காட்டினோம். அதன் பிறகு யாரும் உன்னை நம்பிப் படம் கொடுக்க வரவில்லை. பிறகு உனக்கு நோய் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் கேட்டாய்: "அந்தப் படம் வெளிய வந்திருந்தா எனக்கு எல்லாம் வேற மாதிரி ஆயிருக்கும் இல்ல?"

"ஆயிருக்கும்க்கா. ஜோதிக்கும் வேற மாதிரி ஆயிருக்கும்."

சிரிக்கப் பார்த்தாய், இருமல் வந்துவிட்டது. வருத்தப்பட்டாயா அக்கா? என்னிடம்கூடக் காட்டாமல் வருத்தப்பட்டுக்கொண்டுதான் போனாயா?

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், ஒரு பெரிய திரைப்பட விழாவில் உனக்கு அஞ்சலி செலுத்தப் போகிறார்களாம். உயிரோடு இருந்தபோது உன் மெயிலுக்குப் பதில் போடாதவர்கள். ஹெப்பகோடி படத்தை அந்தக் காட்சியோடு திரையிட வேண்டும் என்கிறார்கள். அந்த வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காரர்கள் சொல்லித் தெரிந்ததாம். "அவங்க திறமைய உலகம் பாக்கணும் மேடம்" என்றார் போனில் பேசியவர். எனக்கும் ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். உன் பெயர் பெரிய திரையில் ஓடுவதை அம்மா பார்க்க வேண்டும் என்று ஆசை. ஜோதியிடமே கேட்டுவிடலாம் என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஹெப்பகோடிக்குப் போனேன்.

உன் சாவுக்கு வர முடியவில்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விஷயத்தைச் சொன்னேன். பிடித்திருந்த கையை விட்டாள்.

"அக்கா இருந்தப்போ வேணாம்னு சொன்னேன். அவங்க இல்லன்னா வேணும்னு ஆயிடுமா?" என்றாள். பிறகு, "ஒரே ஒரு தடவ நான் பாக்கலாமா?" என்றாள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். நான் போட்டது வெட்டாத மூலப் பதிவு. சொல்லி முடித்து அவள் தலைகுனிகிறாள். அப்புறம் கேமராவுக்குப் பின்னாலிருந்து உன் குரல். "ஆஃப் பண்ணிடட்டுமா ஜோதி?" அவள் வேண்டாமென்று தலையசைக்கிறாள். நீ சொல்கிறாய்: "உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. கேக்குதா? உன் மேல ஒரு தப்பும் இல்ல."

இரண்டு பேரும் அழுதோம். எனக்கு உன் குரலைக் கேட்டு அழுகை. அவளுக்கு வேறு.

"இத வேற யாருமே எனக்குச் சொன்னதில்லங்க. இந்தப் பேச்ச மட்டும் என் போன்ல போட்டுத் தர்றீங்களா? மத்தவங்க கேட்டா ஒன்னும் புரியாது. எனக்குப் புரியும்."

போட்டுக் கொடுத்தேன். நான் கிளம்பும்போது அதை மறுபடி காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா கேட்டாரே, யார் பார்ப்பார்கள் என்று. நம் படத்தைப் பற்றி எனக்குத் தெரியாது அக்கா. உன் ஒரு வாக்கியத்தைக் கேட்க ஹெப்பகோடியில் ஆள் இருக்கிறது.

விழாக்காரர்களுக்கு முடியாது என்று எழுதிவிட்டேன். அஞ்சலியில் உன் புகைப்படம் மட்டும் வைப்பார்களாம். அம்மாவிடம் சொன்னேன். "அவ சொன்ன சொல்லு நிக்கட்டும்" என்றாள். அன்று முழுக்க அவளும் சரியாகச் சாப்பிடவில்லை, நானும்தான்.

அத்திபெலேயில் பூ மூட்டை ஏற்றும் பெண்களை வைத்து நீ பாதியில் விட்ட படம் அப்படியே கிடக்கிறது. இந்த வியாழக்கிழமை நான் போகிறேன். எனக்கு வெட்டத்தான் தெரியும், கேட்கத் தெரியாது. உன்னிடம் பேசியவர்கள் என்னிடம் பேசுவார்களா என்றும் தெரியாது. பேசாவிட்டால் மூட்டை ஏற்றிக்கொண்டு கூடவே இருப்பேன். பேசிய பிறகு யாராவது வேண்டாமென்றால் எடுத்துவிடுவேன், படமே இல்லாமல் போனாலும் சரி. படத்தை முடிப்பேன் அக்கா. ஆனால் உன் கேள்விகள் இருக்கிற இடமெல்லாம் அப்படியே இருக்கும். அதை மட்டும் நீ சொன்னாலும் வெட்ட மாட்டேன். அம்மா உன் குரலைக் கேட்க வேண்டும்.

இத்தனை வருடம் உன் குரலை வெட்டிய கையால் இதை எழுதும்,
உன் தங்கை மலர்